காற்று கீழிருந்து வரவேண்டும்: ஜைரோகொப்டர் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் அக்காவின் மகன். அவன் கையில் தென்னோலைக் காற்றாடி, ஈர்க்கில் குத்தியது. காற்றுக்கு நேரே முகம் காட்டிப் பிடித்திருந்தான். விர்ரென்று சுற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப அதைக் கவிழ்த்துப் பிடி மனே. முகம் ரோட்டைப் பார்க்கட்டும்."

"பிடிச்சிட்டன் மாமா. நிண்டு போச்சு."

"முன்பக்க விளிம்பைக் கொஞ்சம் மேல தூக்கு."

"சுத்துது!"

"இனி முன்பக்கத்தைக் கீழ தாழ்த்திப் பார்."

தாழ்த்தினான். காற்று காற்றாடியின் முதுகில் அடித்தது. அது ஒருகணம் நின்று, எதிர்ப்பக்கமாக அரைச் சுற்றுச் சுற்றி, ஈர்க்கின் நுனியால் கழன்று வாவிக்குள் போய் விழுந்தது. வீடு வரும்வரை அவனுக்குக் கோபம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது அந்தப் பாலத்தில் நடந்ததைத்தான், கொஞ்சம் விரித்து. அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் விமானி இல்லை. போட் எஞ்சின் திருத்துகிறவன். மச்சான் இங்கிலாந்தில் இருக்கிறார். அவர் வீட்டில் சில மாதம் நின்றபோது 14 மணித்தியாலம் ஜைரோகொப்டர் பழகினேன். அதோடு காசு முடிந்தது, திரும்பி வந்தேன். ஆகவே இது கரைகண்டவன் எழுதும் பாடம் இல்லை. இரண்டு படி முன்னே ஏறினவன் கீழே நிற்கிறவருக்குக் கை காட்டுகிறான், அவ்வளவுதான்.

முதல் படி: இது ஹெலிகொப்டர் இல்லை என்று மனதில் பதியுங்கள்

படத்தில் பார்த்தால் ஹெலிகொப்டரின் தம்பி போலத்தான் தெரியும். தலைக்கு மேலே நீளமான இரண்டு இறக்கை, கீழே இருவர் இருக்க ஒரு சின்னக் கூடு, மூன்று சக்கரம். ஆனால் ஹெலிகொப்டரில் எஞ்சின் மேலே உள்ள ரோட்டரைச் சுழற்றுகிறது. ஜைரோவில் எஞ்சின் சுழற்றுவது முதுகுக்குப் பின்னால் இருக்கும் புரொப்பெல்லரை மட்டும்தான். நம்முடைய பைபர் போட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: பின்னால் எஞ்சின் தள்ளுகிறது, போட் முன்னே போகிறது. ஜைரோவும் அப்படித்தான் முன்னே தள்ளப்படுகிறது. மேலே இருக்கும் ரோட்டருக்குப் பறக்கும்போது எஞ்சினோடு ஒரு தொடர்பும் இல்லை. அது தன் தண்டில் சும்மா உருளும்.

பிறகு எது அதைச் சுழற்றுகிறது? காற்று. இறக்கைகள் சுற்றும்போது ஒரு வட்டத் தட்டுப்போலத் தெரியும்; அதைத்தான் ரோட்டர் தட்டு என்கிறேன். அது எப்போதும் கொஞ்சம் பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது. வண்டி முன்னே போகப் போக, எதிரே வரும் காற்று அந்தத் தட்டின் அடிப்பக்கத்தால் புகுந்து மேலே வெளியேறுகிறது. முன்விளிம்பைத் தூக்கியதும் ஓலைக் காற்றாடி சுற்றியதே, அதே கதை. ஹெலிகொப்டரில் ரோட்டர் காற்றை மேலிருந்து கீழே தள்ளுகிறது. ஜைரோவில் காற்று கீழிருந்து மேலே ரோட்டருக்குள்ளால் போகிறது. வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். ஏறுவது, இறங்குவது, ஆபத்து வருவது எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான்.

இதிலிருந்து மூன்று விடயம் உடனே புரியும். நின்ற இடத்தில் செங்குத்தாகக் கிளம்ப முடியாது. ஓடித்தான் கிளம்ப வேண்டும், சாதாரண வகைகளுக்கு 100 மீட்டர் அளவில் ஓடுபாதை தேவை. ஆகாயத்தில் ஓரிடத்தில் அசையாமல் நிற்கவும் முடியாது. ஆனால் எஞ்சின் நின்றாலும் ரோட்டர் நிற்காது. வண்டி கீழே இறங்கத் தொடங்கியதும் அந்த இறக்கமே கீழிருந்து காற்றைக் கொடுக்கிறது. மகோகனி மரத்தடியில் நின்றால் விதை சுழன்று சுழன்று இறங்குவதைப் பார்க்கலாம். அதற்கு எந்த எஞ்சின் இருக்கிறது?

இரண்டாம் படி: கையால் செய்து பாருங்கள்

வீடியோ பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு நீளக் காகிதத் துண்டை எடுத்து, மேல் பாதியை நடுவால் கிழித்து, ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் மடியுங்கள். கீழ் நுனியில் ஒரு காகிதக் கிளிப். கட்டில் மேல் ஏறி நின்று விடுங்கள். முதல் ஒரு முழம் சும்மா விழும், பிறகு சுழல் பிடிக்கும், அப்புறம் விழும் வேகம் குறையும். அந்த முதல் ஒரு முழத்தைக் கவனியுங்கள். சுழல் பிடிக்கும் வரை அது வெறும் காகிதம். பிடித்த பிறகுதான் அதற்கு இறக்கை முளைக்கிறது. நிசமான ஜைரோவிலும் ரோட்டர் வேகம் எடுக்கும்வரை நீங்கள் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது ஒரு கணக்கு. விருப்பமில்லாதவர் தாண்டிப் போகலாம், ஆனால் கணக்குப் பாடம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் செய்து பாருங்கள். ரோட்டரின் விட்டம் 8.4 மீட்டர் என்று வைப்போம்; இருவர் செல்லும் வண்டிகளில் இது வழக்கமான அளவு. நிமிடத்துக்கு 340 சுற்று. இறக்கையின் நுனி மணிக்கு ஏறத்தாழ 540 கி.மீ. வேகத்தில் ஓடும். வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகிறது. அப்போது முன்னே வரும் இறக்கையின் நுனிக்குக் காற்று 640 கி.மீ. வேகத்தில் படுகிறது, பின்னே போகும் இறக்கைக்கு 440 மட்டும். ஒரு பக்கம் தூக்கல் கூட, மறுபக்கம் குறைவு. அப்படியென்றால் வண்டி பக்கவாட்டில் கவிழ வேண்டுமே?

கவிழ்ந்தது. ஜைரோவைக் கண்டுபிடித்தவர் ஹுவான் டி லா சியர்வா என்ற ஸ்பெயின் பொறியியலாளர், 1895இல் பிறந்தவர். 1919இல் அவர் வடிவமைத்த மூன்று எஞ்சின் விமானம் வேகம் குறைந்ததால் தூக்கல் இழந்து விழுந்தது. வேகம் குறைந்தாலும் விழாத ஒன்றைச் செய்யவேண்டும் என்று அவர் தொடங்கியது அதிலிருந்துதான். முதலில் செய்த முழு அளவு வண்டிகள் ஒழுங்காகப் பறக்கவில்லை, பக்கவாட்டில் சாய்ந்தன. ஆனால் ரப்பர் பட்டியால் ஓடும் சின்ன மாதிரி மட்டும் நன்றாகப் பறந்தது. ஏன்? மாதிரியின் இறக்கைக்குப் போட்டிருந்தது பிரம்பு. பிரம்பு வளைந்து கொடுக்கும். முன்னே வரும் இறக்கை கொஞ்சம் மேலே எழும்பித் தூக்கலைக் குறைத்துக்கொண்டது, பின்னே போவது தாழ்ந்து கூட்டிக்கொண்டது. பெரிய வண்டியில் இறுக்கமாகப் பூட்டிய இறக்கையால் அது முடியவில்லை. சியர்வா ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் ஒரு கீல் வைத்தார். 1923 ஜனவரியில் அந்த சி-4 வண்டியை அலெஹாண்ட்ரோ கோமெஸ் ஸ்பென்சர் என்ற விமானி மட்ரிட் அருகே பறக்கவிட்டார். 1928இல் சியர்வாவே ஒரு ஜைரோவில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1936இல் அவர் இறந்தது விமான விபத்தில்தான். ஆனால் ஜைரோவில் இல்லை. குரொய்டனில் மூடுபனிக்குள் கிளம்பிய ஒரு சாதாரணப் பயணிகள் விமானத்தில்.

இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டே இறக்கை. நடுவில் ஒரே கீல். சிறுவர் பூங்காவில் இருக்கும் சீசோப் பலகையைப் போல ஒன்று எழும்ப மற்றது தாழும். வண்டிப் பக்கம் போனால் முதலில் அந்த நடுக் கீலைப் பாருங்கள். கையால் இறக்கை நுனியை மெல்ல அசைத்துப் பார்க்கச் சொல்லித் தருவார்கள். பிரம்பு செய்த வேலையை அந்த ஒரு போல்ட் செய்கிறது.

மூன்றாம் படி: ஒருமுறை பின் இருக்கையில் ஏறுங்கள்

பழகுவதற்குக் காசு சேர்க்க முன், ஒரு அறிமுகப் பறப்புக்குக் காசு சேருங்கள். ஜைரோ பள்ளிகள் ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின், இத்தாலி, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா நாடுகளில் இருக்கின்றன. நம் ஊரில் வெளிநாட்டில் ஒருவர் இல்லாத வீடு குறைவு. அண்ணனோ சித்தியோ இருக்கிற நாட்டில் விசாரிக்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் நான் போன காலத்தில் ஒரு மணித்தியாலப் பயிற்சி 150 பவுணுக்கு மேல். அதை நம் காசில் பெருக்கிப் பார்த்தபின் எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

ஏற முன் கேட்கவேண்டியவை: அனுமதி பெற்ற பயிற்றுநரா, அவருக்கு அதில் எத்தனை மணித்தியாலம் அனுபவம், வண்டியில் இரட்டைக் கட்டுப்பாடு உண்டா, உங்கள் எடைக்கு அது சரியா. எடையை வெட்கப்படாமல் உண்மையாகச் சொல்லுங்கள். அங்கே ஒரு கிலோ கூடச் சொன்னாலும் சிரிக்கமாட்டார்கள், குறைத்துச் சொன்னால்தான் ஆபத்து.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. புரொப்பெல்லர் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. திறந்த வண்டியில் உங்கள் மேலிருந்து கழன்று போகும் எதுவும் நேரே அதற்குள்தான் போகும். தொப்பி, சால்வை, கைக்குட்டை, சட்டைப்பையில் இருக்கும் பேனா, செல்போன். எனக்குத் தந்த பறப்புடையில் எல்லாப் பைகளுக்கும் இழுத்து மூடும் சிப். பயிற்றுநர் சுற்றிவந்து ஒவ்வொரு சிப்பையும் தன் கையால் இழுத்துப் பார்த்தார். கழுத்தில் போட்டிருந்த சங்கிலியையும் உள்ளே விடச் சொன்னார். அறுபது வயதுப் பெண்மணி. ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கும் அம்மாவைப் போலவே இருந்தது.

பறந்து வந்தபின் உங்களுக்குத் தெரிந்துவிடும். சிலருக்கு அது போதும். திறந்த வண்டியில் காலுக்கு இருபக்கமும் ஒன்றுமே இல்லை, வெறும் வெளி. தலைசுற்றல் உள்ளவர்கள் மூடிய வகையில் முயற்சி செய்யலாம்.

நான்காம் படி: தரையில் செய்யவேண்டிய வேலை

மருத்துவச் சான்று, ரேடியோவில் பேசும் ஆங்கிலம், வானிலை, சட்டம், வரைபடம். இதில் நம்மவர் பயப்படுவது ஆங்கிலத்துக்கு. தேவையில்லை. ரேடியோ ஆங்கிலம் ஒரு சின்னச் சொற்கூட்டம். மந்திரம் மாதிரி மனப்பாடம் ஆகிவிடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2000இல் வெளியிட்ட ரோட்டர் வண்டிக் கையேட்டில் ஜைரோவுக்கென்றே தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. இணையத்தில் இலவசம், படங்களும் தெளிவு. மோட்டார் மெக்கானிக் யாரும் படித்து விளங்கிக்கொள்ளலாம்.

காற்றுப் பாடத்தில் மட்டக்களப்பாருக்கு ஒரு முன்வசதி உண்டு. கச்சான் எது, வாடை எது, கொண்டல் எது என்று கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: ஓடிக் கிளம்புவது

இதைத்தான் விரித்து எழுதவேண்டும், ஏனென்றால் புதியவர்கள் வண்டியை உடைப்பது பெரும்பாலும் இங்கேதான். வலது கையில் ஸ்டிக். அது நேரே மேலே உள்ள ரோட்டர் தலையைச் சரிக்கிறது. இடது கையில் த்ரோட்டில். காலில் சுக்கானின் மிதிகள்.

ஓடுபாதையில் காற்றுக்கு எதிரே நிறுத்துகிறீர்கள். முன்சுழற்றி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தரையில் நிற்கும்போது மட்டும் எஞ்சினின் சக்தியைக் கொஞ்சம் ரோட்டருக்குக் கொடுக்கும். அதை அழுத்திப் பிடித்ததும் தலைக்கு மேலே இறக்கைகள் சோம்பலாக நகரத் தொடங்கும். முதலில் ஒவ்வொரு இறக்கையும் கடந்து போவது தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். பிறகு நிழல் மட்டும். மானியில் முள் 100, 150, 200 என்று ஏறும். பல வண்டிகளில் 200ஐத் தாண்டியபின் முன்சுழற்றியை விடவேண்டும். உடனே ஸ்டிக்கை முழுதாகப் பின்னுக்கு இழுங்கள். ரோட்டர் தட்டு காற்றுக்கு அடிவயிற்றைக் காட்டும். பிரேக்கை விட்டு, த்ரோட்டிலைச் சீராகக் கூட்டுங்கள்.

சீராக என்று எழுதியது எளிது. ஐந்தாவதோ ஆறாவதோ பாடத்தில், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்த நாளில், நான் த்ரோட்டிலை போட்டில் கொடுப்பதுபோல ஒரே தள்ளாகத் தள்ளினேன். வண்டி பாய்ந்தது, ரோட்டர் அந்த வேகத்தைப் பிடிக்கவில்லை. ஸ்டிக் என் உள்ளங்கையைத் தட்டத் தொடங்கியது. டக், டக், டக் என்று, கதவை யாரோ வெளியே நின்று தட்டுவதுபோல. என்னவென்று விளங்க முன் பின்னிருக்கையிலிருந்து த்ரோட்டில் மூடப்பட்டது, ஸ்டிக் முன்னே போனது, வண்டி நின்றது. பயிற்றுநர் ஒன்றும் பேசவில்லை. எஞ்சினை நிறுத்தி, இறங்கிப்போய், வால் மேல் இறக்கை பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பட்டிருக்கவில்லை.

நடந்தது இதுதான்: ரோட்டர் மெதுவாகச் சுற்றும்போது வண்டி வேகமாக ஓடினால், முன்னே வரும் இறக்கை மிக உயரமாக எழும்பும், பின்னே போவது தூக்கல் இழந்து தொங்கும். கீல் தாங்கும் எல்லையைத் தாண்டினால் இறக்கை தன் வாலையே வெட்டும். வண்டி வேகம் எப்போதும் ரோட்டரின் வேகத்துக்குப் பின்னால்தான் போகவேண்டும், முந்தக்கூடாது. ஸ்டிக் கையில் தட்டினால் த்ரோட்டிலைக் குறை, ஸ்டிக்கை முன்னே விடு, நிறுத்து. தரையில் மட்டும்தான் இந்த முன்னே விடுதல். அதனால் தட்டுக்குள் புகும் காற்று குறைகிறது. ஆகாயத்தில் இதே கையசைவு என்ன செய்யும் என்று அடுத்ததில் சொல்கிறேன்.

எல்லாம் சரியாகப் போனால், சில நொடியில் முன்சக்கரம் தானாக எழும்பும். அப்போது ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னே விட்டுப் பின்சக்கரங்களில் சமநிலையில் ஓடவேண்டும், சைக்கிளில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓடும் பெடியனைப்போல. ரோட்டர் 300ஐத் தாண்டிப் போகும், வண்டி தானே தரையை விடும். உடனே மேலே இழுக்காதீர்கள். தரைக்குச் சற்று மேலே தாழ்வாகப் பறந்து வேகம் எடுத்து, மணிக்கு 90 முதல் 100 கி.மீ. வந்தபின்தான் ஏற்றம்.

ஆறாம் படி: வலது கைக்கு ஒரே ஒரு சட்டம்

சின்ன விமானம் பழகினவர்கள் ஜைரோவுக்கு வந்தால் பயிற்றுநர்கள் கூடக் கவனிப்பார்களாம். காரணம் கைப்பழக்கம். விமானத்தில் மூக்கு மேலே போய் வேகம் குறைந்தால் ஸ்டிக்கை முன்னே தள்ளவேண்டும். ஜைரோவில் திடீரென்று முன்னே தள்ளினால், தட்டின் முன்விளிம்பு தாழ்ந்து, காற்று கீழிருந்து வருவது நின்றுவிடும். ரோட்டர் வண்டியைச் சுமப்பதை விட்டுவிடும். சுமை இல்லாத ரோட்டர் நொடியில் வேகம் இழக்கும். பின்னால் எஞ்சின் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சின் தள்ளும் கோடு எடை மையத்துக்கு மேலே இருந்தால் வண்டி மூக்குப்படக் குப்புறக் கவிழும். அதிலிருந்து மீள வழி கிடையாது. பாலத்தில் அந்தக் காற்றாடி ஈர்க்கை விட்டுக் கழன்றது ஞாபகம் இருக்கும்.

பழைய காலத்து ஒற்றை இருக்கை வண்டிகள் பலவற்றில், மூக்கு மேலும் கீழும் ஆடாமல் பிடிக்கும் கிடைத்தட்டு வாலில் இருக்கவில்லை, எஞ்சினும் உயரத்தில். இன்று பள்ளிகளில் இருக்கும் வண்டிகளில் பெரிய கிடைத்தட்டு இருக்கிறது, அமைப்பும் மாறியிருக்கிறது. அப்படியிருந்தும் சட்டம் மாறவில்லை: சந்தேகம் வந்தால் முதலில் த்ரோட்டிலைக் குறை, ஸ்டிக்கை முன்னே அடிக்காதே.

இதற்கு உறவான இன்னொரு தொல்லை ஆட்டம். வண்டி கொஞ்சம் எழும்பும், நீங்கள் முன்னே தள்ளுவீர்கள், அது தாழும், பின்னே இழுப்பீர்கள். உங்கள் கை எப்போதும் அரை நொடி பிந்தி வருவதால் ஆட்டம் குறையாமல் கூடும். மருந்து ஒன்றுதான்: ஸ்டிக்கை அசையாமல் பிடித்து த்ரோட்டிலைக் குறைப்பது. முதல் நாட்களில் நான் ஸ்டிக்கை மண்வெட்டிப் பிடிபோலப் பிடித்திருந்தேன். இரண்டு விரலால் பிடி, முழங்கையைத் தொடையில் வை என்றார்கள். அப்புறம் பாதி ஆட்டம் தானாகப் போனது.

மெதுவாகப் பறப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜைரோ விழாது என்று விளம்பரத்தில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வேகம் மிகக் குறைந்தால் முழு எஞ்சினும் கொடுத்தாலும் உயரத்தைப் பிடிக்காது. மெல்ல இறங்கிக்கொண்டே போகும். 300 மீட்டரில் அது விளையாட்டு. மரத்தின் உயரத்தில் அது விபத்து.

ஏழாம் படி: இறங்குவது

இதுதான் ஜைரோவின் இனிப்பு. 90 கி.மீ. அளவு வேகத்தில் வந்து, தரைக்கு மேலே ஸ்டிக்கை மெல்ல மெல்லப் பின்னே இழுக்க, ரோட்டர் முழுக் காற்றையும் வாங்கி வண்டியை நிறுத்தும். நல்ல கை உள்ளவர் வண்டியை ஓட்டமே இல்லாமல் வைப்பார், பழகுகிறவருக்கும் 20 மீட்டர் போதும். சக்கரம் தொட்டதும் வேலை முடிந்தது என்று ஸ்டிக்கை விட்டுவிடாதீர்கள். வண்டி நிற்கும்வரை பின்னே. நின்றபின் முன்னே கொண்டுவந்து, ரோட்டர் பிரேக் போட்டு, இறக்கை முழுதாக நின்ற பிறகுதான் யாரும் கிட்ட வரலாம். சுற்றும் ரோட்டரின் கீழே ஓடிவந்து கைகொடுக்கும் உறவினரை வேலிக்கு வெளியே நிறுத்த ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். மச்சானின் குடும்பம் முழுதும் வந்த அன்று எனக்கு இறங்கியது கஷ்டமாக இருக்கவில்லை, அவர்களைத் தடுத்ததுதான்.

எட்டாம் படி: மணித்தியாலக் கணக்கு, உரிமம், காசு

பிரிட்டனில் தனியார் ஜைரோ உரிமத்துக்குக் குறைந்தது 40 மணித்தியாலம். அமெரிக்காவில் விளையாட்டு விமானி உரிமம் 20 மணித்தியாலத்தில் தொடங்குகிறது, அதில் 15 பயிற்றுநரோடு, 5 தனியே. தனியார் விமானி உரிமத்துக்கு 40. இவை குறைந்தபட்சம். என்னைப்போன்றவர்களுக்கு இன்னும் பத்து கூட வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டுப் பழகினால் ஒவ்வொரு முறையும் பாதியிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். ஒரே மூச்சில் முடிக்கும் அளவு காசு சேர்ந்தபின் போவது நல்லது. நான் செய்த பிழை அது.

இலங்கையில் எது பறந்தாலும் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்துக்குள் வரும். பொறுப்பான அமைப்பு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை, கட்டுநாயக்கவில். வண்டிக்குப் பதிவு, பறக்கத் தகுதிச் சான்று, ஓட்டுபவருக்கு உரிமம்: இந்த மூன்றும் இல்லாமல் சொந்த வயலுக்கு மேலேகூட எழும்பக்கூடாது. வெளிநாட்டு உரிமத்தோடு வந்தால் இங்கே எப்படி ஏற்பார்கள் என்பதைப் பயிற்சிக்குக் காசு கட்ட முன்பே எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன பதில் இரண்டு வருடம் கழித்து உதவாது.

நம் மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறந்தது. 1983இல் விமானப்படை எடுத்தது. 2016இல் மீண்டும் உள்ளூர் விமான நிலையமாகவும் 2018இல் சர்வதேச நிலையமாகவும் ஆனது. ஒரு ஜைரோவுக்கு அந்த ஓடுபாதையின் பத்தில் ஒரு பங்கே தாராளம். ஆனால் விமானப்படையும் அங்கே இருக்கிறது. பின்னேரத்தில் போய் ஒரு சுற்றுப் போட்டு வருகிற இடமில்லை.

வண்டி விலை கேட்பவர்களுக்கு: புதிய இருவர் வண்டி பல பத்தாயிரம் யூரோ, மூடிய வகை ஒரு லட்சம் யூரோவைத் தாண்டும். எஞ்சின் பெரும்பாலும் ரோட்டாக்ஸ் 912 வகை. 100 குதிரைச் சக்தி உள்ளதற்கு 95 ஒக்டேன் பெற்றோல் வேண்டும், நம் செட்டில் அடிக்கும் 92 போதாது. பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினும் அலுமினியக் குழாயும் வைத்து நானே செய்கிறேன் என்று வரும் தம்பிமார் என் கடைக்கு வருடத்துக்கு ஒருவராவது உண்டு. எஞ்சின் பொருத்துவது பெரிய விடயமில்லை தம்பி, நானே பொருத்தித் தருவேன். அந்த இறக்கைகளின் சமநிலை, கீல் உயரம், எடை மையம் மூன்றையும் யார் அளப்பது என்று கேட்பேன். மறுகா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள்.

ஒன்பதாம் படி: உங்கள் ஊரை மேலிருந்து படியுங்கள்

உரிமம் கிடைக்கும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. இந்தப் பயிற்சிக்குச் செலவு ஒன்றுமில்லை. ஜைரோ நீண்ட தூரம் மிதக்காது: எஞ்சின் நின்றால் 300 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் இறங்கியாக வேண்டும். இப்போது செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, களுவாஞ்சிகுடியிலிருந்து வாழைச்சேனைவரை கோடு போடுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் எங்கே இறங்குவேன் என்று ஒரு இடத்தைக் காட்டுங்கள்.

வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கமான எழுவான்கரையில் இடம் கிடையாது. கரையோரம் முழுதும் வீடு, தென்னை, மின்கம்பி, தெரு. கடற்கரை மணல் மேலிருந்து பார்க்க நல்லது, ஆனால் சக்கரம் புதையும், தோணிகள், மனிதர். வாவி பெரிது, ஆனால் சக்கர வண்டி தண்ணீரில் இறங்கினால் கவிழும். கடப்பதென்றால் உயிர்காப்புச் சட்டையோடு, கரை எட்டும் உயரத்தில்தான். நீர்க்காகமும் கூழைக்கடாவும் கூட்டமாக எழும்பும் பக்கம் போகவே வேண்டாம். நல்ல இடம் வாவிக்கு மேற்கே வயற்பக்கமான படுவான்கரைதான், அதுவும் எல்லா மாதமும் இல்லை. மாரியில் வயல் முழுதும் தண்ணீர். பெரும்போக அறுவடை முடிந்து வெட்டுத்தாள் காய்ந்து கிடக்கும் காலத்தில் வயல் ஓடுபாதை மாதிரி இருக்கும், ஆனால் மேலிருந்து வரம்பு தெரியாது. காலை வெயிலில் வரம்பின் நிழல் விழும், அப்போது தெரியும். உச்சி வெயிலில் நிழலும் இல்லை, வரம்பும் இல்லை. வரம்புக்குக் குறுக்கே இறங்காமல், அதன் வழியே இறங்கவேண்டும்.

காலத்தையும் அதே வரைபடத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் விடியற்காலை இரண்டு மணித்தியாலம் அமைதி. பத்து மணிக்குப் பிறகு சூடேறிய வயலிலிருந்து காற்று குத்திக் குத்தி எழும்பும், புதியவரின் கைக்கு அது கூடாது. கார்த்திகை, மார்கழி மழை மாதம். 1978 சூறாவளி வந்ததும் கார்த்திகையில். மாசி முடிய பங்குனி, சித்திரைக் காலைகள்தான் நல்லவை.

2019இல் ஜேம்ஸ் கெட்செல் என்ற ஆங்கிலேயர் திறந்த ஜைரோ ஒன்றில் 175 நாளில் உலகத்தைச் சுற்றிவந்தார். அக்காவின் மகனுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, அவர் கால் குளிராமல் என்ன போட்டிருந்தார் என்று கேட்டான். பிறகு கிணற்றடித் தென்னையில் ஒரு ஓலை வெட்டித் தரச் சொன்னான். இந்தமுறை ஈர்க்கின் இரண்டு நுனியிலும் முடிச்சுப் போடவேண்டுமாம்.